பழைய பொம்மை வண்டியைக் காப்பதா, புதுப்பிப்பதா, மாற்றியமைப்பதா? மூன்று லண்டன் பஸ்களை வைத்து ஓர் ஒப்பீடு

ஒரே அச்சில் வார்க்கப்பட்ட மூன்று சிவப்பு இரட்டை மாடி பஸ்கள் என் அலமாரியில் இருக்கின்றன. மூன்றுமே லெஸ்னி நிறுவனம் 1965 முதல் மேட்ச்பாக்ஸ் வரிசையில் 5ஆம் எண்ணில் விற்ற லண்டன் ரூட்மாஸ்டர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 செ.மீ. நீளம். முதல் பஸ்ஸை நான் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாவதைப் பெயின்ட் முழுவதையும் உரித்துப் புதுப்பித்தேன். மூன்றாவதை வேறொரு ஊரின் பஸ்ஸாக மாற்றியமைத்தேன். பழைய டைகாஸ்ட் வண்டி (உருக்கிய உலோகத்தை அச்சில் செலுத்தி வார்த்த பொம்மை வண்டி) ஒன்று கைக்கு வந்தவுடன் அதை என்ன செய்வது என்று தடுமாறுபவர்களுக்கு, இம்மூன்று வழிகளில் எது எந்த வண்டிக்கு ஏற்றது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை: தொழிற்சாலையில் அடித்த பெயின்டில் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும் எந்த வண்டியையும் உரிக்கக் கூடாது, மாற்றியமைக்கும் ஆசையை இன்று கடைகளில் கிடைக்கும் புது வண்டிகளில் தீர்த்துக்கொள்வதே நல்லது.

இவ்வளவு சிறிய பொருளுக்கு இத்தனை யோசனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. லெஸ்னி, 1947இல் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இருவர் தம் பெயர்களின் துண்டுகளைச் சேர்த்து லண்டனில் தொடங்கிய வார்ப்பட நிறுவனம். இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றே தவிர உறவு ஏதுமில்லை. அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதி இருந்ததால் தம் மகளுக்காகச் சிறிய சாலை உருளை ஒன்றைச் செய்துகொடுத்தார். 1953இல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் வரிசைக்கு வித்திட்டது அந்த உருளைதான். நிறுவனம் 1982இல் நொடித்துப்போய்க் கைமாறியது. மேட்ச்பாக்ஸ் என்ற பெயர் இன்றும் மேட்டல் நிறுவனத்திடம் உயிரோடு இருந்தாலும், அன்று லண்டனில் பூசிச் சூளையில் சுட்ட அந்த எனாமல் பெயின்ட் இனி ஒரு துளிகூடப் புதிதாகப் பிறக்கப்போவதில்லை. இருப்பதை உரித்தால் உலகில் அந்த அளவு குறைகிறது. உரிப்பதற்கு முன் ஒரு முறை தயங்க இது போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் பஸ்ஸின் கூரை விளிம்புகளிலும் முன்மூக்கிலும் சிவப்பு தேய்ந்து சாம்பல் நிற உலோகம் தெரிகிறது. பக்கவாட்டில் 'பிபி விஸ்கோ ஸ்டாட்டிக்' என்ற எண்ணெய் விளம்பரம் ஓரளவு படிக்கும்படி இருக்கிறது. இதற்கு நான் செய்ததெல்லாம், இளஞ்சூடான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, மென்மையான பிரஷால் அழுக்கை எடுத்து, நிழலில் நன்றாகக் காயவைத்ததுதான். விளம்பரம் ஒட்டிய இடத்தில் நீர் படாமல் பார்த்துக்கொண்டேன். அறுபது ஆண்டு பழைய பசைக்கும் படலத்துக்கும் நனைவதைத் தாங்கும் வலு இருப்பதாக நம்பக் கூடாது. இந்த வழிக்குச் செலவு இல்லை, திறமையும் அதிகம் தேவையில்லை, பின்னால் மனம் மாறினாலும் மற்ற இரண்டு வழிகளும் திறந்தே இருக்கின்றன. ஒப்பீட்டில் இதற்கு இருக்கும் மிகப் பெரிய பலம் கடைசியாகச் சொன்னதுதான்: காப்பாற்றி வைத்த வண்டியை நாளை புதுப்பிக்க முடியும், ஆனால் புதுப்பித்த வண்டியை மீண்டும் பழைய வண்டியாக்க எவராலும் முடியாது.

சேகரிப்பாளர்களுக்கு விளம்பரத் துண்டு எவ்வளவு முக்கியம் என்பதை இந்த பஸ்ஸே காட்டும். இதற்கு முந்திய, 1961இல் வந்த சற்றுச் சிறிய ரூட்மாஸ்டரில் 'பேர்டிராக்ஸ்' என்ற பேரிக்காய்ப் பானத்தின் விளம்பரம் சில பிரதிகளில் உண்டு. பரவலாகக் கிடைக்கும் விஸ்கோ ஸ்டாட்டிக்கைவிட அது அரிது. சக்கரம் உலோகமா, சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கா, கறுப்புப் பிளாஸ்டிக்கா என்பதும் அப்படித்தான். இவற்றைக் கொண்டுதான் ஒரு வண்டி எந்தக் காலத்தில் தயாரானது என்று கணிக்கிறார்கள். ஒரே பளபளப்பாக்கும் ஆர்வத்தில் இந்தத் தடயங்களை அழித்துவிட்டால், அந்த வண்டியின் வரலாற்றைச் சொல்ல வேறு சாட்சி கிடையாது.

இந்தியாவில் தயாரான டைகாஸ்ட் வண்டிகளைப் பொறுத்தவரை நான் இன்னும் கறாராக இருப்பேன். டிங்கி என்ற இங்கிலாந்துப் பொம்மை வண்டி வரிசையின் பழைய அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் வார்க்கப்பட்ட நிக்கி டாய்ஸ் வண்டிகளிலும், ஹாட் வீல்ஸ் அச்சுகளைக் கொண்டு லியோ மேட்டல் என்ற பெயரில் இங்கே விற்கப்பட்டவற்றிலும், மூலத்தில் இல்லாத நிறங்களும் எழுத்துகளும் வருகின்றன. இங்கிலாந்து வண்டிகளுக்கு நிறம் வாரியாகப் பட்டியலிட்ட நூல்கள் பல உண்டு. நம்முடைய வண்டிகளுக்கு அவ்வளவு முழுமையான பதிவு இல்லை. ஆகவே மங்கிப்போன அந்த நிறமே பதிவேடு. கரடுமுரடான பூச்சு, கோணலான ஸ்டிக்கர் எல்லாம் அந்த வண்டியின் பிறப்பு அடையாளங்கள். அதைக் குறையென்று எண்ணி உரித்து 'சரியான' டிங்கி நிறத்தில் பூசுவதை நான் ஒரு இழப்பாகவே பார்க்கிறேன், அது எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும்.

காப்பது என்பது சும்மா வைத்திருப்பது என்று பொருள்படாது. இவ்வண்டிகள் துத்தநாகத்தோடு ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியமும் சிறிதளவு மக்னீசியமும் செம்பும் சேர்ந்த கலவையில் வார்க்கப்பட்டவை. அந்தக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகத்தின் துகள்களுக்கு இடையே அரிப்பு பரவி, வண்டி வீங்கி, வெடிப்பு விட்டு, ஒரு நாள் கையிலேயே உதிர்ந்துவிடும். 1934இல் தொடங்கிய டிங்கியின் போருக்கு முந்திய வண்டிகள் பலவற்றின் கதி இதுதான். இதற்கு மருந்து இல்லை. வெப்பமும் ஈரமும் இதை வேகப்படுத்தும் என்பதால், உலர்ந்த, சூடு ஏறாத இடத்தில் வைப்பது ஒன்றே நம்மால் முடிந்தது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது மாற்ற வேண்டும். புதிய ஒட்டுப்பலகை அலமாரியில் உடனே அடுக்கவும் கூடாது. புது மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் வரும் அமில ஆவி துத்தநாகத்தை அரிக்கும். கார்கி, டிங்கி வண்டிகளின் மென்மையான டயர்கள் காலப்போக்கில் எண்ணெய் கசிந்து, அடியிலுள்ள பிளாஸ்டிக் பெட்டியை உருக்கி ஒட்டிக்கொள்வதும் உண்டு. டயர் பிளாஸ்டிக்கைத் தொடாதபடி அடியில் ஒரு தாள் வைத்தால் போதும்.

இரண்டாவது பஸ் என்னிடம் வந்தபோது அதன் மேல் யாரோ வீட்டுக் கதவுக்கு அடிக்கும் நீல எனாமலைத் தடிமனாகப் பூசியிருந்தார்கள். ஜன்னல் விளிம்புகளெல்லாம் மொத்தையாக மூடிப்போயிருந்தன. இங்கேதான் புதுப்பித்தல் தன் நியாயத்தைப் பெறுகிறது: இழப்பதற்கு ஏதும் எஞ்சாத வண்டியில் எதைச் செய்தாலும் அது ஆதாயமே. ஆனால் அன்று நான் ஒரு தவறு செய்தேன். நீலத்தின் கீழே பழைய சிவப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்காமல் நேரடியாக முழுவதையும் உரித்துவிட்டேன். சூளையில் சுட்ட தொழிற்சாலைப் பெயின்ட் கடினமானது. அதன் மேல் வீட்டில் பூசிய பூச்சு பெரும்பாலும் அதைவிட மென்மையானது. அடிப்பக்கத்து ஓரத்தில் பஞ்சுக்குச்சியால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்துப் பார்த்தால், சில வேளைகளில் மேல்பூச்சு மட்டும் கரைந்து வந்து மூல நிறம் வெளிப்படும். வராவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. காப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் நடுவே உள்ள இந்த வழியைப் பலர் கண்டுகொள்வதில்லை. மேல்பூச்சு ஏறிய எந்த வண்டிக்கும் இதைத்தான் முதலில் முயல வேண்டும் என்பேன்.

முழுதாகப் புதுப்பிப்பதென்று முடிவானால், முதல் வேலை அடித்தகட்டைக் கழற்றுவது. தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை காளான் குடைபோல் விரிந்திருக்கும். அதன் நடுவில் குறி வைத்து, 3 மி.மீ. டிரில் பிட்டால் அந்த விரிந்த தலையை மட்டும் சீவி எடுக்க வேண்டும்; கீழே இருக்கும் தூணைத் துளைத்துவிட்டால் திரும்பப் பூட்டுவதற்குப் பிடிமானம் இருக்காது. பின்பு தூணின் நடுவில் 1.6 மி.மீ. துளையிட்டு, மரை வெட்டும் கருவியான எம்2 டேப்பால் மரை வெட்டினால் சிறிய ஸ்க்ரூவால் மீண்டும் பூட்டலாம். இந்த உலோகம் மென்மையானது என்பதால் டேப்பை அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாகத்தான் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் டேப் உள்ளேயே முறிந்துவிடும்.

உரிப்பதற்கு முன் அடித்தகடு மூடியிருந்த உட்புறத்தைப் பாருங்கள். வெயில் படாத மூல நிறம் பெரும்பாலும் அங்கே இருக்கும். பெயின்ட் கடைக்குச் சிவப்பின் மாதிரி காட்டுவதற்கு அதைவிட நம்பகமானது இல்லை. உரிப்பதற்குக் கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவர் ஜெல்லையே பயன்படுத்துகிறேன். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோ மட்டும். காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கச் சொல்பவர்கள் உண்டு. நானும் ஆரம்பத்தில் ஒரு காரை அப்படி இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் பெயின்ட் போயிருந்தது, கூடவே உலோகத்தின் மேற்பரப்பும் கறுத்துக் குழிகள் விழுந்திருந்தது. துத்தநாகமும் அலுமினியமும் காரத்தோடு வினைபுரியும் என்பதை அந்தக் காரைப் பலி கொடுத்துத்தான் கற்றேன். இன்றும் அதை எறியவில்லை. புதிதாக வருபவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன்.

பூசும் வேலையில் எல்லோரும் சறுக்குவது தடிமனில்தான். உண்மையான ரூட்மாஸ்டரின் நீளம் 8.38 மீட்டர், நம் கையிலிருப்பது 7 செ.மீ. அதாவது ஏறத்தாழ 120இல் ஒரு பங்கு. இதன் மேல் 0.1 மி.மீ. தடிமனுக்குப் பெயின்ட் ஏறினால், அது நிஜ பஸ்ஸின் மேல் 12 மி.மீ. தடிமனுக்குச் சாந்து பூசியதற்குச் சமம். ஜன்னல் சட்டங்களும் முன்பக்க வலையின் கோடுகளும் அதில் மூழ்கிவிடும். எனவே பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு, நிறம் இரண்டு அல்லது மூன்று மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே நன்றாக உலரும் அவகாசம் என்று போக வேண்டும். வெற்றுத் துத்தநாகத்தில் சாதாரணப் பெயின்ட் பிடிக்காது. உலோகத்தைக் கவ்வும் பிரைமர் கட்டாயம். மழைக்காலத்தில் ஸ்ப்ரே செய்தால் ஈரம் சிக்கிப் பூச்சு பால்போல் வெளுக்கும். எனது இரண்டாவது பஸ் ஐப்பசியில் தொடங்கித் தை வரை காத்திருந்ததற்கு அதுவே காரணம்.

சக்கரங்களைக் கழற்ற வேண்டுமா என்பதில் சேகரிப்பாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அச்சுக்கம்பியின் நசுக்கிய முனையை வெட்டாமல் சக்கரம் வெளியே வராது. வெட்டினால் கம்பியும் புதிது, சிலருக்குச் சக்கரமும் புதிது என்றாகிறது. நான் கழற்றவில்லை. சக்கரங்களை மெல்லிய ஒட்டு நாடாவால் மூடிவிட்டு உரித்தேன், பூசினேன். வேலை இரட்டிப்பானது, ஆனால் பஸ்ஸில் லண்டன் தொழிலாளியின் கை பட்ட ஒரு பகுதியாவது மிஞ்சியது. விளம்பரத்துக்கு மறுபதிப்பாகக் கிடைக்கும், நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் படங்களை ஒட்டினேன்.

புதுப்பித்தல் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு கடினம் என்று எண்ண வேண்டாம். லெஸ்னி, டிங்கி வண்டிகளின் ஒளி ஊடுருவாத எனாமல் நிறத்தை வீட்டில் நெருங்கிவிட முடியும். 1968இல் வந்த முதல் ஹாட் வீல்ஸ் வண்டிகளில் நிலைமை வேறு. அவற்றின் ஸ்பெக்ட்ராஃபிளேம் என்ற பூச்சு ஒளி ஊடுருவும் வண்ண மெருகுப் பூச்சான லாக்கர். மினுமினுப்பைத் தருவது அதன் கீழே மெருகேற்றப்பட்ட உலோகமே. உலோகத்தில் ஒரு கீறல் இருந்தாலும் லாக்கர் அதை மறைக்காது, எடுத்துக் காட்டும். பல மணி நேரம் மெருகேற்றப் பொறுமையுள்ளவர்கள் மட்டும் அதில் இறங்க வேண்டும். 1977 வரை வந்த சிவப்புக்கோட்டு டயர் ஹாட் வீல்ஸ் உங்கள் கையில் இருந்து, அதன் பூச்சு பாதி மீந்திருந்தால், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

விலையைப் பொறுத்தமட்டில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளலாம். நன்றாகப் புதுப்பித்த வண்டி, நடுத்தர நிலையில் இருக்கும் மூல வண்டியைவிடக் குறைவாகவே சேகரிப்பாளர்களிடம் போகிறது. ஆக, பணத்துக்காகப் புதுப்பிக்கிறோம் என்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. ஒருமுறை மூல நிலையில் உள்ளது என்று சொல்லி என்னிடம் விற்கப்பட்ட ஒரு கார், வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியில் பார்த்தபோது அடித்தகட்டு ரிவெட் பசையால் ஒட்டப்பட்டிருந்தது தெரிந்தது. கொடுத்த பணம் போனதைவிட, அந்த வண்டியைப் பற்றி எனக்கிருந்த நம்பிக்கை போனதே வருத்தம். அதன் பிறகு நான் புதுப்பிக்கும் ஒவ்வொரு வண்டியின் உட்புறத்திலும் 'புதுப்பித்தது' என்ற சொல்லையும் ஆண்டையும் ஊசியால் கீறிவிடுகிறேன். எனக்குப் பின் அது யார் கைக்குப் போனாலும் ஏமாற்றமாகப் போய்ச் சேரக் கூடாது.

மூன்றாவது பஸ்ஸுக்குப் பின்பக்கப் படிக்கட்டுத் தூண் முறிந்து, உள்ளே இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் இருக்கைகள் காணாமல் போயிருந்தன. புதுப்பித்தாலும் குறைப்பட்ட பஸ்ஸாகவே நிற்கும். இதைத்தான் சென்னையில் 18ஏ தடத்தில் ஓடிய இரட்டை மாடி பஸ்ஸை நினைவூட்டும்படி மாற்றினேன். மெல்லிய பித்தளைக் கம்பியில் தூணைச் செய்து, தட எண்ணையும் பலகையையும் கணினியில் வரைந்து, டெக்கால் தாளில் அச்சிட்டு ஒட்டினேன். இரு நாட்டிலும் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் படிக்கட்டு இருக்க வேண்டிய பக்கத்திலேயே அமைந்துவிட்டது. முன்முகம் மட்டும் லண்டனுடையதாகவே இருக்கிறது. என் சேகரிப்பைப் பார்க்க வரும் உறவினர்கள் முதலில் கையில் எடுப்பது இந்த பஸ்ஸைத்தான். சிறு வயதில் மேல்மாடி முன்னிருக்கைக்கு ஓடிப் பிடித்த இடத்தை அண்ணன் விரலால் தொட்டுக் காட்டியபோது, மாற்றியமைத்தல் தரும் மகிழ்ச்சியை மற்ற இரண்டு வழிகளும் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

ஆனாலும் உடையாத பழைய வண்டியில் இதை நான் செய்ய மாட்டேன். கற்பனைக்கு வேண்டியது உலோக உடலும் நல்ல வடிவமும்தான். அது 60 வயது வண்டியாக இருக்க வேண்டிய தேவை இல்லை. கடைகளில் சுமார் 200 ரூபாய்க்குக் கிடைக்கும் ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ், மஜோரெட் வண்டிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிரில் வழுக்கினாலும், பெயின்ட் வழிந்தாலும், மறுநாள் இன்னொன்று வாங்கலாம். லட்சக்கணக்கில் வார்க்கப்படும் வண்டியில் கை பழகுவதால் உலகில் எதுவும் குறைவதில்லை. இரண்டு வண்டிகளின் சக்கரங்களை மாற்றிப் போடுவது தொடக்கத்துக்கு ஏற்ற வேலை: விட்டத்தையும் இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும் அளந்து பார்த்து, ரப்பர் டயர் உள்ள வண்டியிலிருந்து எடுத்துச் சாதாரண வண்டிக்குப் பொருத்தினால், பெயின்டைத் தொடாமலேயே அதன் தோற்றம் மாறிவிடும். பக்கவாட்டுப் படங்கள் பிடிக்கவில்லையென்றால் பஞ்சுக்குச்சியில் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டு இலேசாக ஒற்றி எடுக்கலாம்; அழுத்தித் தேய்த்தால் அடியிலிருக்கும் நிறமும் கிளம்பிவரும், பிளாஸ்டிக் கண்ணாடியில் பட்டால் அது மங்கிப்போகும்.

ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை இந்தப் பொழுதுபோக்கில் நுழைய விரும்பினால், புது வண்டியில் மாற்றியமைத்தலிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ரிவெட் கழற்றுவது, உரிப்பது, மெல்லியதாகப் பூசுவது ஆகிய மூன்றும் அதில் கைவந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வண்டிகளுக்குப் பிறகு, மேல்பூச்சு ஏறிய பழைய வண்டி ஒன்றில் ஆல்கஹால் சோதனை, பிறகு தேவைப்பட்டால் முழுப் புதுப்பித்தல். தாத்தாவின் பெட்டியிலிருந்தோ மாமாவின் பரணிலிருந்தோ வண்டி கிடைத்தவர்களுக்கு வரிசை நேர்மாறு: முதலில் நாலாபக்கமும் அடிப்பக்கமும் படம் எடுத்து, கழுவி, உலர்த்தி, ஓர் ஆண்டு அப்படியே வைத்திருங்கள். அந்த ஓராண்டுக்குள் அது எந்தப் பதிப்பு, எந்த நிறம் எவ்வளவு அரிது என்பது தெரிந்துவிடும். கழற்ற நேர்ந்தால் பழைய அச்சுக்கம்பி, உரிந்த விளம்பரத் துண்டு, சீவிய ரிவெட் தலை உட்பட எல்லாவற்றையும் ஒரு சிறு உறையில் போட்டு வண்டியோடு வையுங்கள். என் இரண்டாவது பஸ்ஸின் அடியில் அப்படியொரு உறை இருக்கிறது. அதில் நீலப் பூச்சின் கீழிருந்து சுருண்டு வந்த, இன்னும் பளிச்சென்றிருக்கும் ஒரு நகக்கண் அளவு லண்டன் சிவப்பு.